கனவு சொன்னவர்: மந்திரமூர்த்தி

அந்த நாற்காலில உக்காராதேயும், அது என்னோடது. இந்தப் பெஞ்சுல உக்காரும். காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அத வெளிய எடுத்தீருன்னா நான் எந்திரிச்சி உள்ள போயிருவேன், பொறவு நீரு செவுத்தப் படம் புடிச்சிட்டுப் போக வேண்டியதுதான். எம் பொண்டாட்டி கதவத் தொறந்து விட்டுட்டா, அதனால உக்கார வச்சிப் பேசுதேன். நான் தொறந்திருந்தா அப்படியே வாசலோட அனுப்பியிருப்பேன்.

நீரு யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனைச்சீராக்கும். எட்டு வருசத்துக்கு முன்னால எங்க ஜெயிலுக்குள்ள வந்து ஒரு மாசம் சுத்துனீரே. கைதிங்க எல்லாரையும் 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டீரு. வார்டர்மாரு நாங்க வெயில்ல நின்னோம், எங்கள ஒரு வார்த்த கேக்கல. இப்பம் தாடி கூடியிருக்கு, தொந்தியும் கூடியிருக்கு. ஆனா அந்த முழி அப்படியேதான் இருக்கு. அடுத்தவன் வீட்டு அடுப்படிய எட்டிப் பாக்குற முழி.

படத்தோட விசயம் எனக்குத் தெரியும். மாஜி ராணுவத்தார் சங்கத்துல சொன்னாங்க. மிலிட்டரிக்காரனும் ஜெயில் கைதியும் ஒரே மாதிரி கனவு காணுதாங்களாம், அதப் பத்திப் பெரிய படமாம். பொன்னுத்துரை பதினேழு வருசம் மிலிட்டரி, இருபத்திமூணு வருசம் வார்டர், ரெண்டு பக்கமும் இருந்தவரு, அவரப் போய்ப் பாருங்கன்னு எவனோ கூறுகெட்டவன் உமக்குச் சொல்லியிருக்கான். ரெண்டு பக்கமா? நான் ஒரு பக்கந்தான் வே இருந்தேன். சாவி எங்கிட்ட இருந்துச்சி. சாவி வச்சிருக்கவன் எந்தப் பக்கம்னு உமக்குத் தெரியாதா? கைதியையும் என்னையும் ஒரே தராசுல வச்சி நிறுக்க வந்துட்டீரு.

மோரு குடியும். புஷ்பம், அந்தச் சொம்ப வச்சிட்டு உள்ள போ. குடிச்சிக்கிட்டே கேளும், ஏன்னா எனக்கு உம்ம மேல ஒரு வழக்கு இருக்கு. எட்டு வருசமா இருக்கு. நீரே வந்து மாட்டிக்கிட்டீரு.

முதல்ல மிலிட்டரில கனவு எப்படின்னு தெரிஞ்சிக்கிடும். நான் மலை உச்சில ஒரு போஸ்ட்ல இருந்தேன். பதினாலாயிரம் அடி. ஒன்பது பேரு, ஒரு ஸ்டவ்வு, சுத்திப் பனி. அங்க எல்லாருக்கும் ஒரு கனவு வரும். லீவுக் கனவும்பாங்க. ஊருக்குப் போற கனவு. வராத ஆளே கிடையாது. ஆனா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். கனவு வந்தவன் காலைல டீயக் குடிச்சிட்டு அந்தத் தகர மக்கக் கவுத்தி வச்சிருவான். அவ்வளவுதான். கவுந்த மக்கப் பாத்தா மத்தவனுக்குத் தெரியும், இவன் நேத்து ஊருக்குப் போயிட்டு வந்திருக்கான்னு. அன்னைக்கு அவன எவனும் கேலி பேச மாட்டான். பனி அள்ளுற வேலைக்கு அவனக் கூப்பிட மாட்டாங்க. என்ன பாத்தேன்னு கேக்கவும் மாட்டாங்க. கனவ வெளிய சொன்னா லீவு போயிரும். அது எங்களுக்குச் சட்டம் மாதிரி.

சிரிக்காதேயும். சின்னராசுன்னு ஒருத்தன், தர்மபுரிக்காரன், புதுசா வந்தவன். ஸ்டவ்வு பக்கத்துல உக்காந்து அம்புட்டையும் சொன்னான். ஊருக்குப் போனேன், எங்க அய்யன் கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாருன்னு. நாங்க காதப் பொத்துனோம். மறுநா அவன எறக்க வர வேண்டிய ஹெலிகாப்டர் வரல. மேகம். பதினோரு நா வரல. பன்னெண்டாவது நா வந்துது, அதுல அவன் அய்யன் செத்த தந்தியும் வந்துது. கண்ணால பாத்தவன் சொல்லுதேன்.

அதனாலதான் நான் என் கனவ ஒருத்தங்கிட்டயும் சொன்னதில்ல. பதினேழு வருசம் மக்கக் கவுத்துனதோட சரி. பொண்டாட்டிகிட்டக் கூடச் சொன்னதில்ல. இப்பம் உம்மகிட்டச் சொல்லுதேன்னா, எனக்கு இனிமே போறதுக்கு லீவு கிடையாது. அதுவும் வழக்குக்காகச் சொல்லுதேன், படத்துக்காக இல்ல.

பகல் நேரம். நான் பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்கு வாரேன். இந்தா, இந்த வாசல்தான். புஷ்பம் கீழ உக்காந்து முருங்கக்கீர உருவிக்கிட்டு இருக்கா. நிமுந்து பாக்க மாட்டா. ரெண்டு வருசம் கழிச்சி வாரேன், நிமுந்து பாக்க மாட்டா. கீரைய உருவிக்கிட்டே, 'பேப்பர் எங்க?'ம்பா. லீவு பேப்பர். சட்டைப் பைல கைய விடுவேன், இருக்காது. பெட்டியக் கவுப்பேன், இருக்காது. 'இருக்கு, பேப்பர் இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே தேடுவேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, திட்ட மாட்டா. என்னைப் புடிக்க ஒரு போலீசும் வராது. நானாவே திரும்பி ஓடுவேன். என் வீட்டுல இருந்து நானே ஓடுதேன், பாத்துக்கிடும். அந்த ஓட்டத்துல முழிப்பு வந்துரும். ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்க மாட்டேன் அந்த வீட்டுல.

என்னது? புஷ்பம், உன்ன உள்ள போன்னு சொன்னேன்லா. 'இப்பவும் தூக்கத்துல அப்படித்தான் உளறுவாரு'ன்னா சொல்லுத? யாரு உங்கிட்ட கேட்டா? நீரு அத எழுதாதேயும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

சரி, வழக்குக்கு வாரேன். நீரு அப்பம் எடுத்த மூணு நிமிசப் படத்த ஜெயில் தொழிற்கூடத்துல போட்டாங்க. தறியெல்லாம் ஓரமா ஒதுக்கி, வேட்டியத் திரையாக் கட்டி, காலைல பத்து மணிக்கு. பெரிய அதிகாரிங்க முன்னால உக்காந்திருக்காங்க. கைதிங்க நடுவுல. நாங்க பின்னால செவுத்தோரம் நிக்கோம். திரையில மந்திரமூர்த்தி வாரான். உமக்குத் தெரிஞ்ச ஆளுதான், ஆயுள் கைதி, வரப்புத் தகராறுல சொந்தச் சித்தப்பன வெட்டிட்டு வந்தவன். அப்பம் பதினோரு வருசம் முடிச்சிருந்தான். என் பிளாக்கு. மூணாம் பிளாக்குல என் நாற்காலிக்கு நேர் எதுத்தாப்புல உள்ள அறை.

அவன் சொல்லுதான்: 'சார், நான் வீட்டுக்குப் போறேன். பகல்ல. எங்க அம்மா கீர ஆஞ்சிக்கிட்டு இருக்கா. என்ன நிமுந்து பாக்க மாட்டா. பேப்பர் இருக்காலன்னு கேக்கா.' அப்பம் நான் செவுத்தப் புடிச்சிக்கிட்டேன் வே. 'இல்ல. நானே திரும்பி ஓடுதேன் சார், யாரும் தொரத்தல.' என் கனவு! பொண்டாட்டிக்குப் பதிலா அம்மா, அவ்வளவுதான் வித்தியாசம். பொறவு கீழ எழுத்து வருது, 'கனவு சொன்னவர்: மந்திரமூர்த்தி'. கை தட்டுதாங்க. ஒரு பெரிய அதிகாரி கண்ணத் தொடைக்காரு. முப்பது வருசத்துக்கு மேல வாயத் தொறக்காம பொத்தி வச்சத ஒரு கொலைகாரன் எடுத்துத் திரையில காட்டுதான், நீரு அவன் பேரப் போடுதீரு.

எப்படிக் கெடைச்சிது அவனுக்கு? ஒரே வழிதான். நான் சொல்லி அவன் கேட்டிருக்கணும். நான் எப்பச் சொன்னேன்? தூக்கத்துலயா? நான் டூட்டில தூங்குற ஆளு கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு லாக்கப், ரெண்டு மணி நேரம் எல்லாரையும் பூட்டி வச்சிருப்போம், அப்பம் நாற்காலில உக்காந்து செத்த நேரம் கண்ண மூடியிருப்பேன். கண்ண மூடுறது வேற, தூங்குறது வேற. காது தொறந்துதான் இருக்கும். ஆனா அந்த நேரத்துல வாய் ஏதும் சொல்லியிருக்கலாம், அத அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒட்டுக் கேட்டிருக்கான். வேற வழியே இல்ல.

அவன் திமிரு உமக்குத் தெரியாது. உம்மகிட்டப் பூன மாதிரி இருந்திருப்பான். நான் நாற்காலில உக்காந்தா போதும், வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ, அலுமினியத் தட்ட எடுத்துக் கம்பில டங்கு டங்குன்னு தட்டுவான். தூக்கிவாரிப் போடும். 'என்னல?'ன்னு கேட்டா ஒண்ணும் பேச மாட்டான், தட்டக் கீழ வச்சிட்டுத் திரும்பிப் படுத்துக்கிடுவான். எத்தன தடவ வைதிருக்கேன். எத்தன தடவ தட்டப் புடுங்கி வச்சிருக்கேன். மறுவாரம் டம்ளர எடுத்துத் தட்டுவான். என்ன நக்கல் பண்ணுறதுக்குன்னே செஞ்சான்.

படம் போட்ட மறுநாளும் தட்டுனான். அதான் அவன் செஞ்ச தப்பு. நான் கண்ண மூடியிருக்கேன், டங்கு டங்குன்னு காதுக்குள்ள. எனக்கு ஏற்கெனவே கொதிச்சிக்கிட்டு இருக்கு. கதவத் தொறந்து உள்ள போனேன். 'எங் கனவத் திருடுதியால?'ன்னு கேட்டேன். முழிக்கான். ஒண்ணும் தெரியாதவன் மாதிரி. கைய ஓங்குனான். ஆமா, கையத் தூக்குனான், மூஞ்சிக்கு நேரா. அந்த நேரம் பாத்து ஜெயிலர் வந்து வாசல்ல நிக்காரு. 'என்ன சத்தம், அறை எதுக்குத் தொறந்திருக்கு?'ங்காரு. நான் நடந்தத எழுதிக் குடுத்தேன். ரெண்டே வரி. 'மேற்படி கைதி கம்பியில் தட்டி மற்றவர்களைத் தூண்டினார். கேட்கச் சென்ற காவலரைத் தாக்கக் கை ஓங்கினார்.' அவ்வளவுதான் எழுதுனேன். ஒரு சொல்லு அதிகமாப் போடல.

லீவா? ஆமா, அவனுக்கு ஆறு நா லீவு உத்தரவாகியிருந்துச்சி, திங்கக்கெழம வெளிய போகணும். பதினோரு வருசத்துல முதல் லீவு. அவன் அம்மா மாசாமாசம் பாக்க வருவா, இடுப்பு ஒடிஞ்சி வர முடியாமப் போச்சி, அவளப் பாக்கத்தான் கேட்டிருந்தான். அது ரத்தாச்சி. அதுக்கு நான் என்ன செய்ய? நான்தான் சொன்னேனே உம்மகிட்ட, கனவ வெளிய சொன்னா லீவு போயிரும். மலை மேலயும் அதே சட்டந்தான், ஜெயில்லயும் அதே சட்டந்தான். காமிராவப் பாத்ததும் பல்ல இளிச்சிக்கிட்டுச் சொன்னான்லா, அனுபவிச்சான். அந்தம்மா எட்டு மாசத்துல செத்துப் போனா. வயசானவ. நான் போயி இடுப்ப ஒடிச்சேனா?

இப்பம் நான் கேக்கது ஒண்ணுதான். புதுப் படத்துல அந்தக் கனவ வைக்கீருன்னா எம் பேரு வரணும். 'கனவு: பொன்னுத்துரை.' மந்திரமூர்த்தி பேர எடுத்துரணும். இல்லேன்னா நான் வக்கீலப் பாப்பேன்.

என்ன தலையாட்டுதீரு? மதுரைல ஒரு பொம்பளக் கைதி இதே கனவச் சொன்னாளா? தேனிப் பக்கம் ஒரு சுபேதாரா? எத்தன பேரு? பதினாலு பேரா? எல்லாரும் பேப்பர் இல்லாம வீட்டுல இருந்து தானாத் திரும்பி ஓடுதாங்களா? ஒருத்தனையும் தொரத்தலையா?

பொய் சொல்லாதேயும்.

அதெல்லாம் நீரு சொல்லிக் குடுத்ததா இருக்கும். கேள்வியவே அப்படிக் கேட்டிருப்பீரு. சரி, வச்சிக்கிடுவோம், எல்லாருக்கும் வருதுன்னே வச்சிக்கிடுவோம். சின்னராசு கயித்துக் கட்டில்னுதான் சொன்னான், பேப்பருன்னு சொல்லல. இல்ல, நாங்கதான் காதப் பொத்திட்டோமே. மிச்சம் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.

என்ன போன நீட்டுதீரு? அன்னைக்கு எடுத்ததுல வெட்டுன பகுதியா? ஏன் வெட்டுனீரு? அவனே வெட்டச் சொன்னானா? எங்க, சத்தத்தக் கூட்டும். எனக்கு இடது காது கேக்காது.

அவந்தான். அப்பம் முடியெல்லாம் கறுப்பா இருந்துச்சி.

'...எங்க பிளாக்கு வார்டர் ஒருத்தரு இருக்காரு சார். மிலிட்டரிக்காரரு. மத்தியானம் நாற்காலில தூங்கிருவாரு. தூக்கத்துல பேப்பர் இருக்கு, பேப்பர் இருக்கும்பாரு. முதல் தடவ கேட்டப்பம் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. நாம மட்டுந்தான் இப்படின்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன். ஜெயிலர் பூட்ஸ் சத்தம் கேட்டா தட்ட எடுத்துக் கம்பில தட்டுவேன், முழிச்சிக்கிடுவாரு. வைவாரு. வைஞ்சிட்டுப் போட்டும். பூட்ஸ் சத்தம் இல்லேன்னா எழுப்ப மாட்டேன். அவராவது வீடு வரைக்கும் போயிட்டு வரட்டும். சார், இத மட்டும் படத்துல போட்டுராதீங்க. டூட்டில தூங்குறது தெரிஞ்சா அவரு வேல போயிரும்.'

நிறுத்தும்.

நிறுத்தும்னு சொன்னேன்லா. மூடும் அத.

அன்னைக்கும் ஜெயிலர் வந்தாரு. நான் உள்ள போன ஒரு நிமிசத்துல வாசல்ல வந்து நின்னாரு. அவரு பூட்ஸ் சத்தம் எனக்குக் கேக்கல. காது தொறந்து இருந்துச்சின்னேன், கேக்கல. அந்த டம்ளரு, தட்டு, அம்புட்டும்... எத்தன தடவ புடுங்கி வச்சேன். ஒரு தடவ தட்டு இல்லாம சோத்தத் துணியில வாங்கித் தின்னான். எட்டு வருசமா இத வச்சிக்கிட்டு என்ன வே செஞ்சீரு? அன்னைக்கே எங்கிட்ட வந்து ஒரு வார்த்த காதோட சொல்லியிருக்கலாம்லா? அவனுக்கு வாக்குக் குடுத்தீராக்கும். பெரிய வாக்கு. உம்ம வாக்கால அவன் அம்மா மூஞ்சியப் பாக்காமப் போனான்.

சரி, உம்மால இல்ல.

இப்பவும் உள்ளதான் இருக்கானா? பத்தொம்பது வருசம் ஆச்சே, முன்விடுதலைக்குப் பேரு வந்திருக்குமே. வந்திருக்கா? வியாழக்கெழம குழு கூடுதா? அவன் சீட்டுல ஒரே ஒரு கெட்ட பதிவுதான் இருக்கு, அது என்னோட ரெண்டு வரியா?

இப்பம் புரியுது. படமும் கெடையாது, கனவும் கெடையாது. இதுக்குத்தான் மெனக்கெட்டு வந்து மோரு குடிக்கீரு. நான் காமிரா முன்னால உக்காந்து டூட்டில தூங்குனேன், பொய் எழுதுனேன்னு சொல்லணும், நீரு அதக் கொண்டு போய்க் குழுகிட்டக் குடுப்பீரு. எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சீரா? பென்சன்ல கை வைப்பாங்க. சங்கத்துல என்ன ஒரு நாய் மதிக்காது. நாப்பது வருசம் காக்கி போட்டு ஒரு கெட்ட பேரு வாங்காதவன் நான். கலெக்டர் கையால மெடல் வாங்குனவன். அந்தா செவுத்துல தொங்குது பாரும். அத ஒரு கொலைகாரனுக்காக நானே கழட்டணுமா? எந்திரியும். பைய எடும். இனிமே இந்தத் தெருப்பக்கம் வந்தீருன்னா மரியாத கெட்டுப் போவும்.

எந்திரியும்னு சொன்னேன்.

இரும்.

அவனுக்கு இது தெரியுமா? நீரு எங்கிட்ட வந்தது? தெரியாதா? அவன்கிட்டக் கேட்டீரா, யாரு எழுதுனதுன்னு? கேட்டதுக்கு என்ன சொன்னான்? 'அவருக்கும் ஏதோ கஷ்டம்'னா? அப்படியா சொன்னான், மூதி? ஒருத்தன் என்ன வைதான்னா நான் திருப்பி வைவேன். அடிச்சான்னா அடிப்பேன். இதுக்கு நான் என்ன வே செய்ய? எனக்கு இதுக்குப் பழக்கம் இல்ல.

காமிராவ வெளிய எடும். அங்க இல்ல, வெளிச்சம் இந்தப் பக்கந்தான் வருது, இது கூடத் தெரியாம என்ன படம் எடுக்கீரு? நல்லாக் கேட்டுக்கிடும், உமக்காகச் சொல்லல. கேள்வி கீள்வி கேக்கப்படாது. நான் சொல்லுததுல ஒரு சொல்ல வெட்டக் கூடாது. இந்தத் தடவ வெட்டுனீருன்னா உம்மத் தேடி வந்து ஒதைப்பேன்.

புஷ்பம், நீ எங்க போற? இங்கயே உக்காரு. உனக்கும் சொல்லணும்.

காமிரா ஓடுதா? சரி.

எம் பேரு பொன்னுத்துரை. ஓய்வு பெற்ற சிறைக் காவலர். நான் எழுதுன ரிப்போர்ட் ரெண்டு வரி. அன்னைக்கு மத்தியானம் டூட்டில நான் தூங்கிட்டேன். மந்திரமூர்த்தி கம்பில தட்டுனது நெசம். என்ன எழுப்பத் தட்டுனான். அவன் கையத் தூக்குனதும் நெசம், மூஞ்சிய மறைக்கத் தூக்குனான். அடிச்சது நான்.